மரத்துக்குள் இரும்பு இருக்கும் ஊரில் கொப்பு அரைக்கிற மிசின்

மச்சான் ரொறன்ரோவில் இருக்கிறார். வெட்டின மரக்கொப்பைத் தூளாக்குகிற மிசின் ஒன்று எங்கள் காணிக்கு வேண்டியிருந்தது, அதைப் பற்றி அவர் போனில் கேட்ட கேள்வி லேசானது. "கொப்பு அரைக்கிற மிசினை வாங்கப் போறியளோ, வாடகைக்கு எடுக்கப் போறியளோ?" அங்கே சனிக்கிழமை காலையில் கடைக்குப் போய், மிசினை வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு வந்து, ஞாயிறு பின்னேரம் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். வருடத்தில் 2 நாளுக்கு மேல் தேவைப்படாத சாமானைக் காசு கொடுத்து வாங்கிக் கொட்டிலில் துரு ஏற்றுவது மடைத்தனம் என்பது அவருடைய கட்சி. அவர் சொன்னதில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அந்தக் கடை எங்கள் ஊரில் இல்லை என்பதைத் தவிர. இன்னொரு விசயமும் இருக்கிறது. அது அவருக்கும் தெரிந்ததுதான், இத்தனை வருடக் குளிரில் மறந்துபோனார்: எங்கள் மரங்களுக்குள் இரும்பு கிடக்கிறது.

காணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில், வன்னியில், ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிக்குப் போகிற பக்கம், ஒரு கிறவல் ஒழுங்கைக்குள் இருக்கிறது. வயலை விட்டால் மேட்டுக்காணி மட்டும் 3 ஏக்கர். அப்பா இருந்த காலத்தில் தென்னையும் தேசியும் நின்றன, மழையோடு கச்சான் போடுவோம் (நிலக்கடலையைச் சொல்கிறேன், காற்றை அல்ல). சண்டை நெருங்கி வர, 2008 கடைசியில் விட்டு வெளிக்கிட்டோம். திரும்பிப் போனது 2011இல், மிதிவெடி அகற்றுகிறவர்கள் வேலையை முடித்துக் காணியைக் கையளித்த பிறகு. அன்றைக்குக் கிணற்றைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு பகல் போனது. கிணறு எந்தத் திசையில் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் கத்தியோடு பத்தடி போவதற்குள் திசை மாறிவிடும். வீட்டைச் சுற்றி அரை ஏக்கரைத் துப்புரவாக்கி வேலி போட்டோம், அதோடு காசும் மூச்சும் முடிந்தது. எனக்கு வேலை வவுனியாவில். மிச்ச இரண்டரை ஏக்கரும் 12 வருடம் அப்படியே மூடிக் கிடந்தது.

வெளியில் இருப்பவர்களுக்குப் பற்றை என்றால் புல்லும் செடியும்தான் ஞாபகத்துக்கு வரும். இது அப்படியில்லை. விடத்தல், சூரை, காரை, ஈச்சம் பற்றை, இடைக்கிடை உன்னி, எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக் கட்டின மாதிரிக் கொடிகள். இவற்றில் விடத்தல்தான் தலைவர். மன்னாரில் அதன் பெயரில் விடத்தல்தீவு என்று ஓர் ஊரே இருக்கிறது. தறித்தால் சாகாது, வேரிலிருந்து பத்தாக முளைத்து வரும். பச்சையில் ஓரளவு கத்திக்குப் பணியும், காய்ந்துவிட்டால் கத்தி வாயைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் காசுக் கணக்கில் வரும்.

ஏன் இப்போது துப்புரவாக்க வேண்டும் என்று அம்மா கேட்டார். 2 வருடத்துக்குள் வளவில் 4 புடையன் பாம்பு அடித்திருக்கிறோம், அது ஒன்று. யானை பகலில் வந்து நிற்பது அந்தப் பற்றைக்குள்தான், அது இன்னொன்று. மூன்றாவதை அம்மாவிடம் சொல்லவில்லை: ஆள் நடமாட்டம் இல்லாமல் பற்றை மூடிய காணியைக் காடு என்று எழுதிவிட்டால் பிறகு கந்தோர் கந்தோராகத் திரிய வேண்டும், அப்படித் திரிகிற இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்த காலத்திலிருந்து இங்கே பற்றைக்கு ஒரே வைத்தியம் நெருப்பு. ஆடியில் வெட்டிப் போட்டு, காயவிட்டு, புரட்டாதியில் மழை தொடங்குவதற்கு முதல் கொளுத்துவார்கள். அப்பாவும் அப்படித்தான் செய்தவர். இப்போது எனக்கு அதில் மனம் வரவில்லை. சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் மூட்டிய நெருப்பு யாருடைய வேலியில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, அது பழைய பயம். புதுப் பயம் மண்ணுக்குள் இருக்கிறது. குப்பைக்கு நெருப்பு வைத்தபோது வெடித்தது என்ற செய்தி வன்னியில் யாருக்கும் புதுசில்லை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, முழுவதும் அகற்றி முடிக்கக் கெடு 2028 ஜூன். எங்கள் காணி பார்த்து முடித்த காணிதான், பத்திரம் இருக்கிறது. இருந்தாலும் 12 வருடம் கால் படாத மண்ணில் இரண்டு ஆள் உயரத்துக்குக் குவித்துக் கொளுத்திவிட்டுப் பக்கத்தில் நிற்க எனக்குத் துணிவில்லை.

ஜேசிபி பிடிக்கலாம் என்று பலர் சொன்னார்கள். முன்பு அரை ஏக்கரைத் துப்புரவாக்கினது ஜேசிபிதான், அதனால்தான் வேண்டாம் என்றேன். அது பற்றையை மட்டும் தூக்குவதில்லை, மேல் மண்ணையும் வழித்துக்கொண்டு போய் எல்லையில் குவித்துவிடும். மிஞ்சுவது கல்லுப்போல ஒரு தரை. அந்தக் குவியல் இன்றைக்கும் மேற்கு எல்லையில் கிடக்கிறது, அந்த 4 புடையனும் எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறீர்கள்?

ஆகவே மிசின். ஆங்கிலப் பெயர் சிப்பர். ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் வராது, கொப்பு அரைக்கிற மிசின் என்றால் விளங்கும். உண்மையில் அது அரைப்பதில்லை, வெட்டுகிறது. பாரமான ஒரு சில்லில் 2 அல்லது 4 பிளேட் பூட்டியிருக்கும், சில்லு சுற்ற, எதிரில் அசையாமல் நிற்கிற இன்னொரு இரும்பு அலகோடு சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி வெட்டும். இரண்டுக்கும் நடுவில் விடுகிற இடைவெளி 1 மில்லிமீற்றரிலிருந்து 2 மில்லிமீற்றர் வரைதான். அது கூடினால் வெட்டாது, நார் நாராகக் கிழிக்கும். சின்ன மிசினுக்குத் தன்னுடைய பெற்றோல் இயந்திரமே இருக்கும், 7 குதிரைவலு அளவில், 2 அங்குலத் தடிப்பு வரை ஒழுங்காகச் சாப்பிடும், 3 அங்குலம் என்று ஸ்டிக்கரில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பெரியது உழவு மிசினுக்குப் பின்னால் கொழுவி, அதன் இயந்திரம் சுற்றுகிற பின்தண்டில் ஓடுவது. 4 அங்குலம், 5 அங்குலக் கட்டையை இழுத்து விழுங்கும்.

நான் தேடினது பெரியதை. வாடகைக்கு. வன்னியில் வாடகை என்றால் மிசின் மட்டும் வராது, உழவு மிசினும் ஓட்டுகிற ஆளும் சேர்ந்துதான் வரும். மச்சானுக்கு இது அநியாயமாகத் தெரிந்தது, எனக்கு ஆறுதலாக இருந்தது: என்னிடம் அதை விட்டுவிட்டுப் போயிருந்தால் முதல் நாளே விரலோ மிசினோ ஒன்று போயிருக்கும். வவுனியாப் பக்கத்தில் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு எடுத்துப் பேசினேன். நாளுக்கு 15,000 ரூபாய், டீசல் என்னுடையது, மாங்குளம் வந்து முல்லைத்தீவு றோட்டால் திரும்பி ஒட்டுசுட்டான் வந்து போக 12,000. எல்லாம் பேசி முடித்த பிறகு அவர் சும்மா கேட்பது போல ஒன்று கேட்டார்: "உங்கட காணிப் பக்கம் சண்டை நடந்ததோ தம்பி?" நான் அதை ஊர்ப்புதினம் கேட்கிறார் என்று நினைத்தேன். நடந்தது, 2009 தையில் என்று கதை சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, பிளேட் உங்கட பொறுப்பு" என்றார். நான் தலையாட்டினேன், போனில்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை 9 மணிக்கு மிசின் வந்தது. அந்த முதல் நாளில் அரைவாசி என் மடைத்தனத்தால் போனது. பற்றையை வெட்ட வெட்ட மிசினுக்குள் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். 4 பேர் வெட்டினார்கள், வெட்டினதை இழுத்தால் வராது, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு முழுப் பற்றையும் சேர்ந்து வரும். மிசின் ஓடிக்கொண்டு நிற்கிறது, டீசல் எரிகிறது, ஓட்டுகிற தம்பி வேப்பமர நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னான், "அண்ணை, வாடகை ஓடுது, கொப்புத்தான் ஓடேல்லை." வாடகைக்கு எடுக்கிறவர்கள் ஆள் விட்டு வெட்டி, அடிக்கட்டை எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி வைத்துவிட்டுத்தான் மிசினைக் கூப்பிட வேண்டும். ஆனால் ஒரு மாதம் முதலே வெட்டிப் போடவும் கூடாது, ஆவணி வெயிலில் விடத்தல் காய்ந்து இரும்பாகிவிடும். ஒரு கிழமை, கூடினால் பத்து நாள்.

வேலைக்கு வந்தவர்களில் ஒரு பெரியவர் சாரத்தோடு வந்திருந்தார். தம்பி அவரைக் கிட்டவே விடவில்லை. சாரம் வேண்டாம், தோளில் சால்வை வேண்டாம், நீளக்கை சட்டை என்றால் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டு என்று ஒவ்வொருவராகப் பார்த்தான். என் கையில் கோயிலில் கட்டின நூல் தொங்கிக்கொண்டிருந்தது, அதையும் வெட்டச் சொன்னான். அம்மா பார்த்துக்கொண்டு நின்றதால் வெட்டாமல் சுருட்டிக் கையுறைக்குள் விட்டேன், அவன் முறைத்தான், வெட்டினேன். கொப்பை அடிப்பக்கமாகக் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு நேரே நிற்காமல் பக்கவாட்டில் விலக வேண்டும், கட்டையாய்ப் போன துண்டைக் கையால் தள்ளாமல் இன்னொரு நீளக் கொப்பால் தள்ள வேண்டும். விடத்தலில் கவர் (கொப்பு இரண்டாகப் பிரிகிற இடம்) இருந்தால் வாயில் குறுக்கே சிக்கி நின்றுவிடும், ஆகவே கவரைக் கத்தியால் ஒரு போடு போட்டுப் பிரித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் கை பழகிவிட்டது. மாட்டுக் கொட்டில் அளவு குவியல், ஒரு உழவு மிசின் பெட்டித் தூளாகப் போவதைப் பார்க்க ஒருவிதமான ஆசையும் வந்தது, இன்னும் ஏதாவது கொடுக்கலாமா என்று சுற்றிப் பார்க்கிற ஆசை.

இரண்டாம் நாள் அந்த ஆசைதான் வேலையைக் கொடுத்தது. வடக்கு எல்லையில் ஒரு பழைய பாலை நிற்கிறது. அப்பா அந்தக் காணிக்கு வந்த நாளிலேயே அது பெரிய மரம். மேலே ஒரு பக்கம் முறிந்து, பட்டுப்போன கொப்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, என் முழங்கைத் தடிப்பு. மிசின் சும்மா நிற்கிறதே என்று அதை இறக்கி நாங்களே கொண்டுவந்து கொடுத்தோம். பாலை வைரம் பாய்ந்த மரம், மிசின் முனகிக்கொண்டு இழுத்தது. அரைவாசி போனதும் ஒரு சத்தம். பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது, மண்வெட்டி கல்லில் பட்ட மாதிரி, ஆனால் மிசின் முழுவதும் உதறியது. தம்பி பாய்ந்து நிறுத்தும் தடியை அடித்தான். நிறுத்தின பிறகும் அந்தச் சில்லு சுற்றிக்கொண்டே இருந்தது, நான் மூடியைத் திறக்கப் போக அவன் என் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான். முழுவதும் நிற்க இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தது.

திறந்து பார்த்தால் ஒரு பிளேட்டின் வாயில் பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு கடி, பக்கத்துப் பிளேட்டில் வரிவரியாகச் சிராய்ப்பு. தூளைக் கிளறினோம். சின்னவிரலின் ஒரு கணு நீளத்தில் ஒரு துண்டு, ஒரு பக்கம் மடிந்து, மறுபக்கம் சீவின மாதிரிப் புதிதாகப் பளபளத்தது. மடிந்த பக்கத்தில் மரம் ஒட்டிக்கொண்டிருந்தது, அந்த மரம் மை ஊற்றின மாதிரிக் கறுப்பு. செல் துண்டு, சண்டையில் வந்து விழுந்த எறிகணையின் சிதறல். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டிருந்த பெரியவர்தான் அதைக் கையில் எடுத்து, "இவ்வளவு நாளும் உது உதுக்குள்ள இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு என்னிடம் தந்தார்.

வாடகைக்காரருக்குப் போன் எடுத்தேன். "உதுக்குத்தான் தம்பி சண்டை நடந்ததோ எண்டு கேட்டனான்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பிளேட் சோடிக்கு 28,000. எனக்கு ஆத்திரம் வந்தது, தலையாட்டினது நான்தானே என்பதால் அடங்கியும் போனது. பிறகு வவுனியாவில் மரக்காலையில் வேலை செய்கிற சொந்தக்காரர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். சண்டை நடந்த பக்கத்திலிருந்து வருகிற மரத்தைக் கண்டால் மரம் அரிகிற வாள் பழுதாகிவிடும் என்று பயந்து விலையைக் குறைப்பார்கள் அல்லது எடுக்கவே மாட்டார்களாம். வெட்டு முகத்தில் கறுப்பு ஓடியிருந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்துதான் அந்த மை நிறம் வருகிறது. காய் வெட்டின கத்தியில் வாழைக்காய்க் கறை பிடிப்பது போலத்தான். பட்டையில் பழைய தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை, கறுப்பு இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது வேலை. இதை யாராவது எனக்கு ஒரு நாள் முதல் சொல்லியிருக்கலாம்.

மற்றப் பிளேட்டைப் பூட்டி, மத்தியானத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம். எந்தக் கொப்புக்குள் என்ன இருக்கிறதோ என்ற பயம். அப்போதுதான் பக்கத்துக் காணித் தங்கச்சி வந்தாள். ஹலோ டிரஸ்ட்டில் 6 வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவள், இரும்பைப் பற்றிக் கதைக்க அவளை விடத் தகுதியான ஆள் அந்த ஒழுங்கையில் இல்லை. துண்டை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, சண்டை முடிஞ்சது 2009 வைகாசியில. அதுக்குப் பிறகு முளைச்ச பற்றைக்குள்ள என்னண்டு செல் துண்டு போகும்?" என்றாள்.

அவ்வளவுதான் விசயம். சண்டைக்குள் நின்ற மரம் வேறு, சண்டைக்குப் பிறகு முளைத்த மரம் வேறு. எங்கள் இரண்டரை ஏக்கரில் நூற்றுக்குத் தொண்ணூறு பற்றை 2009க்குப் பிறகு வந்தது. விடத்தல் பழைய வேரிலிருந்து வந்திருக்கலாம், வேருக்குள் இரும்பு இருக்கலாம், ஆனால் முளைத்து மேலே வந்த தடிக்குள் இல்லை. ஆகவே நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டச் சொன்னோம். மண்ணோடு ஒட்டின அடியை மிசினுக்குக் கொடுப்பதில்லை. பழைய மரங்களின் கொப்பு எதுவும் மிசினுக்கு இல்லை, கோடாலிக்கும் அடுப்புக்கும். பழைய எல்லை வேலியில் நின்ற கிளுவையும் பூவரசும் அதே வரிசைதான், செல்லுக்காக இல்லை, கதியாலில் (வேலிக்கு நட்டு முளைக்க விட்ட தடியில்) அறைந்த முட்கம்பியை மரம் வளர வளரத் தனக்குள் விழுங்கிவிடும் என்பதற்காக. கொப்போடு சுற்றிக்கொண்டு வருகிற கம்பித் துண்டு, தகரம், துப்பாக்கி ரவையின் வெற்றுக் கோது இவற்றுக்கு ஒரு ஆள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மிச்ச 3 நாளும் ஒரு சத்தமும் இல்லை.

5 நாள் வாடகை 75,000, ஏற்றி இறக்க 12,000, டீசல் 40,000க்குக் கிட்ட, பிளேட் 28,000. ஆள் கூலி இல்லாமல் 155,000. மச்சானுக்கு அனுப்பினேன். "உந்தக் காசுக்கு வாங்கியிருக்கலாமே" என்று பதில் வந்தது. வாடகைக்கு எடு என்று சொன்ன அதே மச்சான்.

வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தக் காசுக்குப் பெரிய மிசின் வராது. சின்னது வந்திருக்கும், அதுவும் புதிது இல்லை, புதிதாக எனக்குச் சொன்ன விலை 240,000. சின்னதை வைத்துக்கொண்டு இரண்டரை ஏக்கர் முதல் பற்றையை எடுக்க 5 நாள் இல்லை, சனி ஞாயிறு மட்டும் போகிற என்னைப் போன்றவனுக்கு ஒரு வருடம் பிடிக்கும், அதற்குள் முதலில் வெட்டின இடத்தில் விடத்தல் என் இடுப்புக்கு வந்துவிடும். முதல் வெட்டுக்கு வாடகைதான் சரி என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை, பிளேட் காசையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் மழை வந்தது. கார்த்திகை முடிந்து தையில் போய்ப் பார்த்தால், துப்புரவாக்கின இடம் முழுவதும் பச்சை. வேரிலிருந்து பத்தாக வரும் என்று சொன்னேனே, அது. விரல் தடிப்பில், தோள் உயரத்துக்கு. இதற்குத் திரும்ப வவுனியாவிலிருந்து உழவு மிசின் கூப்பிட்டால் பைத்தியம். இதற்கு வேண்டியது சின்ன மிசின், அடிக்கடி, ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மணித்தியாலம். அது மட்டுமில்லை, இப்படி முளைத்து வருகிற தடிகளுக்குள் இரும்பு இருக்க வழியே இல்லை, சின்ன மிசினின் வாய்க்குள் போகிற அளவும் இவைதான். பிளேட் பயம் இல்லாமல் சொந்தமாக வைத்திருக்கக்கூடிய மிசின் இது ஒன்றுதான்.

தனியாக வாங்க மனம் வரவில்லை. அந்தத் தங்கச்சியும், ஒழுங்கை முனையில் பப்பாசி வைத்திருக்கிற அண்ணை ஒருவரும், நானுமாக மூன்று பேர் சேர்ந்தோம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒருவரிடம் கிடந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்களே, அப்போது சேதனப் பசளை செய்வதற்காகக் கிளிசரியாக் கொப்பு வெட்ட வாங்கினாராம். அந்த வருடம் முடிவதற்குள் தடையை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் பெற்றோலுக்கு வரிசை, இலக்கத் தகடு இல்லாத மிசினுக்கு யார் பெற்றோல் தருவது? தறப்பாளால் மூடி வைத்திருந்தார். 135,000க்குத் தந்தார், ஆளுக்கு 45,000.

பழைய மிசின் வாங்குகிறவர்கள் இயந்திரத்தை மட்டும் இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு வராதீர்கள். நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, சில்லைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பெயரிங் போய்விட்டது. பிளேட் திருப்பிப் பூட்டக்கூடியதா, மறுபக்க வாய் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பிளேட் எங்கே கிடைக்கும் என்பதை வாங்குவதற்கு முதல் கேளுங்கள். லொறி வில்லுத்தகட்டில் அடித்துத் தருகிறேன் என்று ஒரு பட்டறைக்காரர் சொன்னார், நல்ல மனுசன்தான், ஆனால் பதம் தப்பிய இரும்பு அந்த வேகத்தில் உடைந்தால் எங்கே பறக்கும் என்று நினைத்துப் பார்த்து வேண்டாம் என்றேன். தீட்டும்போது இரண்டு பிளேட்டையும் ஒரே அளவு தீட்ட வேண்டும், ஒன்று பாரம் குறைந்தால் மிசின் நடுங்கும். நான் கடைத் தராசில் வைத்துப் பார்க்கிறேன், கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார்.

சின்ன மிசினால் முடியாத வேலைகளும் இருக்கின்றன. ஈச்சோலையும் தென்னோலையும் கொடுக்கவே கூடாது, நார் சில்லின் தண்டில் கயிறு திரித்த மாதிரிச் சுற்றிக்கொள்ளும், கழற்றிக் கத்தியால் அறுத்து எடுக்க ஒரு மணித்தியாலம். கொடியும் அப்படித்தான். காய்ந்த விடத்தலைக் கொடுத்தால் மூச்சு வாங்கும். மணிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் பெற்றோல் குடிக்கும். சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, காது மூடி இல்லாமல் அரை மணித்தியாலம் நின்றால் இரவில் படுத்த பிறகும் மிசின் ஓடும்.

தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குவதா வாடகையா என்ற கணக்கில் யாரும் அதைச் சேர்ப்பதில்லை. வாடகை மிசின் போன பிறகு குவிந்து கிடந்த தூளை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு மலையாக விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், வைக்க முடியாத சூடு. தென்னங்கன்றுகளைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்குப் போட்டோம். பங்குனி, சித்திரை வெயிலில் அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது பாதியாகக் குறைந்தது. மண்ணோடு கலந்து கொத்தக் கூடாது, பச்சை மரத்தூள் உக்கும்போது மண்ணில் இருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். மேலே போட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. கறையான்தான் பிரச்சினை. அடிமரத்தோடு முட்டப் போட்ட 3 கன்றைக் கறையான் பிடித்தது, இப்போது ஒரு சாண் இடைவெளி விட்டு வட்டமாகப் போடுகிறோம். கோழி வந்து எல்லாவற்றையும் கிளறிவிட்டுப் போகும், அதற்கு மருந்து இல்லை.

ஒரு ஏக்கருக்குக் குறைந்த வளவுக்கு இந்த இரண்டும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நல்ல கத்தி, இரண்டு ஆள், வெட்டின முள்ளை அலம்பலாக வைத்து வேலி அடைத்தால் ஆடு மாடு உள்ளே வராது, காசும் மிஞ்சும். பெரிய காணிக்காரர் பெரிய மிசினை வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வாங்கினால் ஊருக்கு வாடகைக்கு விட்டுத்தான் காசை எடுக்க வேண்டும், ஊருக்கு வாடகைக்கு விட்டால் ஊரில் உள்ள பழைய மரமெல்லாம் உங்கள் பிளேட்டுக்கு வரும். வவுனியாக்காரர் அந்தக் கேள்வியை ஏன் அப்படிச் சும்மா கேட்பது போலக் கேட்டார் என்று அப்போது விளங்கும்.

கூட்டாக வாங்கினதில் சண்டை வரும் என்று அம்மா சொன்னார். வந்தது, மூன்றாம் கிழமையே, பெற்றோல் நிரப்பாமல் கொண்டுவந்து விட்டதற்கு. பிறகு தங்கச்சி மிசினின் கைபிடியில் ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டாள், மிதிவெடி வேலையில் எல்லாவற்றையும் எழுதி எழுதிப் பழகின கை. யார் எத்தனை மணித்தியாலம் ஓட்டினது, என்ன பழுது, எல்லாம் அதில். 8 மணித்தியாலம் சேர்ந்தால் பிளேட் கழற்றித் தீட்ட வேண்டும், அது முறை வைத்து. போன சனிக்கிழமை பார்த்தேன், கடைசி வரியில் 7 மணித்தியாலம் 40 நிமிடம், பக்கத்தில் "பெல்ட் தளர்வு" என்று அவளுடைய எழுத்து. அடுத்த முறை தீட்ட வேண்டியது நான்.